கட்டம் போட்டு வரைந்தால் ஓவியம் இல்லையா?

வடசேரி தூரிகை:
நேற்று இந்தக் குழுவில் ஒருவர், நாகர்கோவிலில் வீட்டார் போட்டோவை ஆயில் பெயின்டிங்காக வரைந்து கொடுப்பவர்கள் எல்லாரும் கட்டம் போட்டுத்தான் வரைகிறார்கள், அது ஓவியமே இல்லை, ஜெராக்ஸ் என்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. பிளக்ஸ் வருவதற்கு முன்னால் சினிமா பேனர் எப்படி வந்தது? கையளவு ஸ்டில்லில் பென்சில் கட்டம், துணியில் பொடி தடவிய நூலை இரண்டு பேர் இழுத்துப் பிடித்துச் சுண்டிப் பெரிய கட்டம், சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பார்த்து அதே இடத்துப் பெரிய கட்டத்தில் வரைவது. அவர்கள் எல்லாம் ஓவியர்கள் இல்லையா?

குழித்துறைக்காரன்:
எழுதியது நான்தான் அண்ணாச்சி, பேரைச் சொல்லியே கேட்கலாம். பேனரை ரோட்டில் நின்று பார்க்கிறோம். அம்மா படத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். செல்போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து, காது ஒடுங்கித்தான் விழும். கட்டம் அந்தக் கோளாறையும் சேர்த்துத் துணியில் ஏற்றிவிடும். கண்ணால் அளந்து வரைகிறவன்தான் அதைத் திருத்துவான். கட்டம் போட்டால் ஜெராக்ஸ்தான்.

வடசேரி தூரிகை:
கட்டம் கண் எங்கே, தாடை எங்கே என்று இடம் குறிக்கத்தான். மூக்கைக் குறைப்பது கை. பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்தால் சேலை என்ன நிறம், ஆள் மாநிறமா கறுப்பா என்று வீட்டாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் வரைகிறோம். எல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சளும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் வெள்ளையும் குழைத்து, நெற்றிக்கு ஒன்று, கழுத்து நிழலுக்கு ஒன்று என்று பிடிக்க வேண்டும். இதை எந்தக் கட்டம் சொல்லித் தரும்? ஜெர்மனியில் ஓவியர் டியூரர் எழுதிய அளவியல் நூலின் 1538 பதிப்பில், சட்டத்தில் கட்டம் கட்டி அதன் வழியாகப் பார்த்து வரைகிற ஓவியன் படமே இருக்கிறது. நம் சிற்பிகள் நவதாளம் என்று முகத்தின் நீளத்தை அலகாக வைத்து உடம்பை அளந்தார்கள். அளவு வைத்தவன் எல்லாம் ஜெராக்ஸா?

தக்கலைவாசி:
கட்டத்தை விடுங்கள். என் மாமியார் படத்தை ஒரு இடத்தில் கொடுத்தேன், கையால் வரைந்தது என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து சாய்வெளிச்சத்தில் பார்த்தால் தூரிகைக் கோடெல்லாம் கன்னத்திலிருந்து சேலைக் கரை வரை ஒரே போக்கில் ஓடுகிறது. கம்மலுக்கு வளையவில்லை, மூக்குக்குத் திரும்பவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அடியில் பொடிப்பொடியாக மைப்புள்ளிகள். கேன்வாஸில் பிரின்ட் போட்டு, மேலே நிறமில்லாத ஜெல்லை இழுத்திருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுங்களேன்.

குழித்துறைக்காரன்:
பார்த்தீர்களா, கட்டத்தில் தொடங்கினால் இங்கேதான் வந்து நிற்கும்.

வடசேரி தூரிகை:
பிரின்ட் போடுகிறவனுக்குக் கட்டம் எதற்கு? கட்டம் போடுகிறவன் வரைகிறான் என்பதற்கே கட்டம்தான் சாட்சி.

பறக்கை மைந்தன்:
ரவி வர்மாவே போட்டோ பார்த்து வரைந்திருக்கிறார், 1894-ல் மும்பையில் அச்சகம் வைத்துப் படங்களை அச்சடித்தும் விற்றார். நம்ம ஊர்க்காரர் செய்யாததையா இவர்கள் செய்துவிட்டார்கள்?

தக்கலைவாசி:
தம்பி, அவர் அச்சுப்படத்தை அச்சுப்படம் என்று சொல்லித்தான் விற்றார்.

குழித்துறைக்காரன்:
நம்ம ஊர்க்காரரா? ரவி வர்மா பிறந்த கிளிமானூர் கேரளத்தில் அல்லவா, எப்போது பறக்கைக்குப் பக்கத்தில் வந்தது?

பறக்கை மைந்தன்:
1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூரோடுதானே மக்கா. பத்மநாபபுரம் அரண்மனை யாருடையது? வருஷம் தெரியாமல் நக்கல் வேண்டாம்.

குழித்துறைக்காரன்:
அந்த அரண்மனை உப்பரிகைச் சுவரைப் போய்ப் பார். அத்தனை சித்திரத்துக்கும் எந்தப் போட்டோவில் கட்டம் போட்டார்கள்?

வடசேரி தூரிகை:
சாமி உருவத்தை வர்ணிக்கிற தியான சுலோகமும், நவதாளம் மாதிரித் தாள அளவும் இருந்தது, அதுதான் அவர்களுக்குக் கட்டம். பிரேம் விலை பற்றிய பழைய திரியிலும் இப்படித்தான், தேக்குக்கும் ரப்பர் மரத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் எங்களைக் கொள்ளைக்காரர்கள் என்றீர்கள். நாகர்கோவில்காரன் எது செய்தாலும் உங்களுக்குப் பொறுக்காது. ஆயில் பெயின்ட் தொட்டுப் பார்க்கக் காய்ந்தாலும் உள்ளே காய மாதக்கணக்காகும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், கடல்காற்றில், கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்காமல் காத்து, ஆறு மாதம் கழித்து வார்னிஷ் அடிக்க வரச் சொன்னால், வியாழக்கிழமை சொல்லி ஞாயிற்றுக்கிழமை நினைவு நாளுக்குக் கேட்கிறார்கள். இந்த அவசரம்தான் பிரின்ட்காரனை வளர்க்கிறது, கட்டம் இல்லை.

தக்கலைவாசி:
அண்ணாச்சி, நான் மூன்று மாதம் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தேன். பழியை எங்கள் மேல் போடாதீர்கள்.

வடசேரி தூரிகை:
உங்களைச் சொல்லவில்லை அக்கா. ஏமாற்றியவனிடம் படத்தைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். கட்டத்துக்கு மட்டும் இவர் பதில் சொல்லட்டும்.

குழித்துறைக்காரன்:
சொல்லிவிட்டேன். கட்டம் போட்டால் ஜெராக்ஸ். எங்கள் குழித்துறைக்குப் பக்கத்து மார்த்தாண்டத்தில் வெறும் கண்ணால் பார்த்து வரைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வடசேரி தூரிகை:
அவர்கள் கேன்வாஸில் பெயின்டுக்கு அடியில் என்ன கோடு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தீர்களா?

பறக்கை மைந்தன்:
மார்த்தாண்டமா! அதற்கு வேறு திரி போடுகிறேன், அங்கே வாருங்கள்.