நெடுஞ்சாலையைக் கண்டுகொள்ளாமல் பாயும் மின்னோட்டம்: சர்க்யூட்ஸ்கேப்பில் எங்கே பிழை?

கேள்வி: விலங்குகளின் நடமாட்டத்தை மின்னோட்டம்போலக் கணக்கிடும் சர்க்யூட்ஸ்கேப் மென்பொருளில், இரண்டு காட்டுத் துண்டுகளுக்கு இடையே பாலூட்டிகள் கடக்கும் வழித்தடத்தை வரைகிறேன். 30 மீட்டர் ராஸ்டர் (நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்த படம்). மின்தடை மதிப்புகள் (கடப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு): காடு 1, விளைநிலம் 20, நெடுஞ்சாலை 1000. ஒவ்வொரு கட்டமும் மூலையில் தொடுபவை உட்பட எட்டு அண்டைக் கட்டங்களோடு இணைகிறது; இணைப்பின் மதிப்புக்கு இரு கட்டங்களின் சராசரி கடத்துதிறன் (மின்தடையின் தலைகீழ்). நடுவில் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலை இருப்பதாகவே தெரியவில்லை. மின்னோட்டம் நேராகத் தாண்டிவிடுகிறது. மதிப்பை 5000 ஆக்கியும் படம் அப்படியே இருக்கிறது.

பதில் 1: கோளாறு அந்த "சராசரி கடத்துதிறன்" அமைப்பில்தான். காட்டுக் கட்டத்தின் கடத்துதிறன் 1, சாலையுடையது 0.001. சராசரி 0.5005, அதாவது இணைப்பின் மின்தடை ஏறக்குறைய 2. ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று சாலையைக் கடக்க மொத்தம் 4தான். 5000 போட்டாலும் இதே 4தான் வரும். சராசரி மின்தடைக்கு மாற்றுங்கள்: ஓர் இணைப்புக்கு 500.5, கடக்க 1001. ஒரு கட்ட அகலமே உள்ள தடைகளுக்கு இந்தத் தேர்வுதான் முடிவையே தீர்மானிக்கிறது.

பதில் 2: அதை மாற்றினாலும் இன்னொரு ஓட்டை இருக்கும். சாய்வாக ஓடும் சாலையை ராஸ்டராக்கும்போது கட்டங்கள் படிக்கட்டுபோல மூலையோடு மூலை மட்டும் தொடும். எட்டு அண்டை முறையில் மின்னோட்டம் அந்த மூலை வழியே குறுக்காக நழுவிவிடும். கோடு தொடும் எல்லாக் கட்டங்களையும் நிரப்பும் தேர்வோடு ராஸ்டராக்குங்கள். ஜிடால் (GDAL) என்ற வரைபடத் தரவுக் கருவியில் அதற்கு "‑at" என்ற கொடி (கட்டளையோடு சேர்க்கும் தேர்வு) உண்டு. நான்கு அண்டைக்கு மாறினாலும் ஓட்டை அடைபடும், ஆனால் குறுக்கு நகர்வெல்லாம் வளைந்து நீளும். விலங்குகள் பயன்படுத்தும் சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில் சாலைக் கோட்டினை வெட்டிவிட மறக்காதீர்கள். ராஸ்டராக்கிய பிறகு அங்கே உண்மையிலேயே இடைவெளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். 30 மீட்டரில் சின்ன வெட்டு மூடிக்கொள்ளும்.

கேட்டவர்: இரண்டையும் செய்தேன். இப்போது இரு சுரங்கப்பாதைகள் வழியாக மட்டுமே பாய்கிறது. ஆனால் தெற்கு விளிம்போடு ஒட்டி ஒரு பிரகாசமான பட்டை தெரிகிறது. அது வழித்தடமா?

பதில் 2: நம்பாதீர்கள். வரைபடத்தின் எல்லை மின்னோட்டத்துக்குச் சுவர். வெளியே பரவ வேண்டியது அங்கே ஒதுங்கி நெருக்கிக்கொள்கிறது. ஆய்வுப்பகுதியின் அகலத்தில் 20 சதவீதமாவது எல்லாப் பக்கமும் நீட்டி ஓட்டி, பிறகு நீட்டிய பகுதியை வெட்டி எறியுங்கள். பட்டை மறைந்தால் அது வழித்தடமல்ல. தரவில்லாக் கட்டங்களையும் பாருங்கள். மென்பொருளுக்கு அவை முழுத்தடை. செயற்கைக்கோள் படத்தில் மேகம் மறைத்த இடம் அப்படி விடுபட்டிருந்தால் காட்டுக்குள்ளேயே பொய்ச்சுவர் எழும்.

பதில் 1: ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1000 என்பது நாம் ஊகித்த எண். 100, 1000, 10000 என மூன்று முறை ஓட்டுங்கள். மூன்றிலும் நிலைக்கும் இடங்களை மட்டும் திட்டத்துக்குக் கொண்டுபோங்கள். சாலையில் அடிபட்ட விலங்குகளின் பதிவோ தானியங்கிக் கேமராப் படங்களோ இருந்தால் அவற்றின்மேல் வைத்துச் சரிபாருங்கள். வேலி எங்கே, பாலம் எங்கே என்று இந்தப் படத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். இடம் தவறினால் விலங்கு பழைய வழியிலேயே சாலையில் இறங்கும்.