சிஎன்ஜி கார் எடுக்கலாமான்னு வீட்டு குரூப்ல கேட்டேன்

குரூப் பெயர்: தக்கலை வீடு

சனி, இரவு 8:12

அனிஷ்: எல்லாருக்கும் ஒரு விசயம். செகண்ட்ஸ்ல ஒரு கார் பாத்திருக்கேன். 2018 மாடல், பெட்ரோல் வண்டி, வெளிய சிஎன்ஜி கிட் போட்டது. கிட்டுக்குன்னு மட்டும் 40 ஆயிரம் கூடக் கேக்கான். எடுக்கலாமா?

அபின்: அண்ணே டிரீட் எப்போ

லில்லி பெரியம்மா: கேஸுன்னா அடுக்களை கேஸா லே. வெடிக்காதா

ஜெகன் அத்தான்: அது வேற இது வேற அத்தை. அடுக்களையில இருக்கது எல்பிஜி. கசிஞ்சா தரையோட படிஞ்சு கெடக்கும். இது சிஎன்ஜி, அமுக்கி அடைச்ச இயற்கை எரிவாயு. மீத்தேன், காத்தை விட லேசு. கசிஞ்சாலும் மேல ஏறிப் போயிரும். நான் மூணு வருசமா டாக்சி ஓட்டுதேன், ஒண்ணும் ஆவல

செல்வராஜ் சித்தப்பா: மேல போவும் சரி. ஆனா சிலிண்டருக்குள்ள 200 பார் பிரஷர்ல நிக்கு. கார் டயர்ல இருக்கது 2 பார் சொச்சம். பயப்படாண்டாம், மறக்கவும் கூடாது

லில்லி பெரியம்மா: மீத்தேன்னா அவிய தொழுவத்துக்குப் பின்னால சாணிக் குழி வெட்டி எரிச்சாவளே அதுவா

செல்வராஜ் சித்தப்பா: அதே சரக்குதான் மைனி. அண்ணன் அப்பவே பெரிய ஆளு

8:31

சுனிதா அக்கா: இப்பத்தான் டூட்டி முடிஞ்சு பாக்கேன். அனிஷே, நான் 2001ல டெல்லிக்கு வந்தப்போ ஊரே இதைத்தான் பேசிட்டு இருந்துச்சு. பஸ்ஸு பூராவும் சிஎன்ஜிக்கு மாறணும்னு சுப்ரீம் கோர்ட் 1998லயே சொல்லியாச்சு. வண்டி மாறுச்சு, பம்பு போதல. நைட் டூட்டி முடிஞ்சு வெளிய வந்தா ஆட்டோ கெடைக்காது, எல்லாம் கேஸ் வரிசையில நிக்கும். ஒரு ஆட்டோக்காரரு போர்வையை மூடிட்டு சீட்லயே உறங்குவாரு, முன்னால உள்ள வண்டி நகந்தா பின்னால உள்ளவரு வந்து தட்டி எழுப்புவாரு

சுனிதா அக்கா: 2002 கடைசியோட சிட்டி பஸ்ல டீசல் போச்சு. டெல்லி புகை தீந்துச்சான்னு கேக்காத, இங்க நவம்பர் வந்தா இப்பவும் மூச்சு முட்டும், அதுக்கு வேற நூறு காரணம். ஆனா பஸ்ஸுக்குப் பின்னால நின்னா மூஞ்சில அடிக்க கரி இல்ல. முன்னெல்லாம் வெள்ளை யூனிபார்ம் காலர் சாயங்காலத்துக்குள்ள கறுத்துரும்

அபின்: அப்போ நம்ம வடசேரி பஸ் எல்லாத்தையும் மாத்திற வேண்டியதுதானே சித்தப்பா

செல்வராஜ் சித்தப்பா: 🎤 வாய்ஸ் மெசேஜ் (1:48)

அபின்: பஸ்ல இருக்கேன், ஹெட்செட் இல்ல. யாராவது டைப் பண்ணுங்க

ஷீபா: நான் போடுதேன். சித்தப்பா சொன்னது: "டீசல் இன்ஜின்ல தீப்பொறி போடுற பிளக் கெடையாது மக்கா. காத்தை அமுக்கும்போது வர சூட்டுலயே டீசல் பத்திக்கிடும். மீத்தேன் அப்பிடி லேசுல பத்தாது, 500 டிகிரிக்கு மேல வேணும். அதுக்கு பிளக் வைக்கணும், ஹெட்டை மாத்தணும், கம்ப்ரஷனைக் குறைக்கணும். பழைய பஸ்ஸுல இவ்வளவும் செய்யதுக்குப் புதுசு எடுத்துரலாம். பெட்ரோல் கார்ல பிளக் ஏற்கனவே இருக்கு, அதான் கிட் மாட்டுனா ஓடுது." பிறகு ஒரு நிமிசம் ராணித்தோட்டம் பஸ் டிப்போல வேலை பாத்த கதை, அதை விட்டுட்டேன்

செல்வராஜ் சித்தப்பா: அதுதாம்மா முக்கியம் 😄

அபின்: அப்ப நம்ம ரோட்டை உடைக்க கல்லு லாரி?

ஜெகன் அத்தான்: லாங் லாரிக்கு எல்என்ஜின்னு ஒண்ணு வருது. அதே கேஸை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வச்சா 600 லிட்டர் சுருங்கி 1 லிட்டர் திரவமாயிரும். டேங்க்கு சாயா பிளாஸ்க் மாதிரி ரெட்டைச் சுவரு. நெறய தூரம் போவும். ஆனா லோடு இல்லாம வண்டியை நாள்கணக்குல போட்டா சூடேறி, கேஸா மாறி வால்வு வழியா போயிரும். கல்லு லாரிக்கு அதில்ல கவலை, ரோட்டுக்குத்தான் கவலை

9:05

ஷீபா: வண்டிக்கு வருவோம். நான் கணக்குப் பாத்தேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூவான்னு வைங்க, 16 கிலோமீட்டர் ஓடும். ஒரு கிலோமீட்டருக்கு ஆறேகால் ரூவா. கேஸ் கிலோ 90ன்னு வைங்க, 24 ஓடும். மூணே முக்கால். மிச்சம் ரெண்டரை ரூவா. இவிய தக்கலைல இருந்து நாகர்கோவில் போய்ட்டு வர 32 கிலோமீட்டர். மாசம் 25 நாள்னா 800. அப்ப மாசம் 2,000 ரூவா மிச்சம். 40 ஆயிரம் திரும்பி வர 20 மாசம்

அனிஷ்: பாத்தியா, லாபந்தான்

ஷீபா: பம்புக்கு சுத்திப் போற தூரம் இதுல இல்ல

ஜெகன் அத்தான்: அதைத்தான் நான் சொல்ல வந்தேன். மச்சான், நான் ஒரு நாளைக்கு 150, 200 ஓடுவேன், எனக்கு கட்டும். உனக்கு விலை பிரச்சினை இல்ல, வரிசைதான் பிரச்சினை. எண்ணூர்ல கப்பல்ல கேஸ் இறக்க டெர்மினல் 2019ல வந்துச்சு. ராமநாதபுரம் தூத்துக்குடி குழாய் 143 கிலோமீட்டர், 2021ல தெறந்தாவ. ஆனா குழாய் வாசல் வரைக்கும் வராத பம்புக்கு லாரில சிலிண்டர் அடுக்கிக் கொண்டு வரணும். குழாய் வர எடம் மதர் ஸ்டேஷன், லாரில வர கேஸை வச்சு ஓடுறது டாட்டர் ஸ்டேஷன்

லில்லி பெரியம்மா: மகளுக்கு எப்பவும் அம்மா வீட்டுல இருந்துதான் வரணும். நம்ம ஊரு சீதனம் கணக்கா

சுனிதா அக்கா: 😂😂😂

ஜெகன் அத்தான்: அதேதான் அத்தை. லாரி வந்த உடனே போனா முழு பிரஷர், 8 கிலோ ஏறும். பத்து வண்டி போன பிறகு போனா பிரஷர் எறங்கிரும், அஞ்சு கிலோல நின்னுரும். மிஷின் நின்னா அவ்வளவுதான், பம்புக்காரன்ட்ட சண்டை போட்டுப் பிரயோசனம் இல்ல. கேஸ் அடிக்கும்போது எல்லாரும் வண்டில இருந்து கீழ எறங்கி நிக்கணும், மழையா இருந்தாலும்

அனிஷ்: இழுவை எப்பிடி?

ஜெகன் அத்தான்: நேர் ரோட்டுல தெரியாது. நாலு பேரு, ஏசி, பேச்சிப்பாறை ஏத்தம்னா தெரியும். காத்து போக வேண்டிய எடத்துல கேஸு போய் ஒக்காந்துக்கிடும்லா. அங்க பெட்ரோலுக்கு மாத்திருவேன்

லில்லி பெரியம்மா: சிலிண்டர் எங்கன இருக்கும்

அனிஷ்: டிக்கில பெரியம்மா

லில்லி பெரியம்மா: அப்ப குலசேகரத்துல இருந்து பலாச்சக்கை கொண்டு வரது எதுல

அபின்: புது மாடல்ல ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலா ரெண்டு சின்னது போட்டு கீழ படுக்க வச்சிருக்கான், டிக்கி கெடைக்கும். பைக்கே வந்தாச்சு, பஜாஜ் ஃப்ரீடம், 2024 ஜூலைல. சீட்டுக்கு அடியில 2 கிலோ சிலிண்டர்

லில்லி பெரியம்மா: பைக்குல சக்கை வைக்க முடியாது மக்கா

ஞாயிறு, காலை 10:40

அனிஷ்: வண்டியைப் பாக்க வந்திருக்கேன். ஓட்டிப் பாத்தேன், நல்லா இருக்கு

செல்வராஜ் சித்தப்பா: சிலிண்டர் டெஸ்ட் தேதி பாத்தியா? தகடு ஒண்ணு அடிச்சிருக்கும், போட்டோ போடு

அனிஷ்: 📷 போட்டோ

அனிஷ்: 📷 போட்டோ

ஜெகன் அத்தான்: பெரிசு பண்ணிப் பாத்தேன். கடைசி டெஸ்ட் 2021 மார்ச். மூணு வருசத்துக்கு ஒருக்க தண்ணி பிரஷர் டெஸ்ட் பண்ணணும். 2024லயே முடிஞ்சு போச்சு மச்சான்

செல்வராஜ் சித்தப்பா: ரெண்டாவது போட்டோல சிலிண்டரைக் கட்டுன பட்டைக்கு அடியில பாரு. ரப்பர் ஷீட்டு தேஞ்சு போச்சு, இரும்போட இரும்பு உரசுது. அந்த எடத்துல துரு. நம்ம ஊரு கடக்காத்துக்கு அது நிக்காது, உள்ள தின்னுட்டே போவும்

செல்வராஜ் சித்தப்பா: ஆர்சில எரிபொருள்னு என்ன போட்டிருக்கு

அனிஷ்: பெட்ரோல்

செல்வராஜ் சித்தப்பா: பெட்ரோல் மட்டுமா

அனிஷ்: மட்டுந்தான்

ஜெகன் அத்தான்: அப்ப கிட்டை ஆர்டிஓ ஆபீஸ்ல பதியவே இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான்

அனிஷ்: கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாரும் இப்பிடித்தான் ஓட்டுதாவ"ங்கான்

செல்வராஜ் சித்தப்பா: எல்லாரும் ஓட்டட்டும்

அனிஷ்: வண்டி நல்ல வண்டிதான் சித்தப்பா. 40 ஆயிரத்தை 20 ஆக்கச் சொல்லவா?

ஷீபா: குறைக்காண்டாம். கிட்டையும் சிலிண்டரையும் கழட்டிட்டு வெறும் பெட்ரோல் வண்டியா என்ன விலைன்னு கேளுங்க

லில்லி பெரியம்மா: அப்ப டிக்கி காலியாயிரும்லா

ஜெகன் அத்தான்: கேஸ்தான் வேணும்னா ஆர்சில ஏறுன வண்டியா பாப்போம், நானும் வாறேன். அதுக்கு முன்னால நாளைக்கு என்கூட வந்து பம்புல ஒரு தடவை வரிசையில நின்னு பாரு. காலையில 5:30க்கு ரோட்டு மொக்குல நில்லு. லேட்டாச்சுன்னா பிரஷர் எறங்கிரும்