கான்சஸ் சேஸ் கவுண்டியில் ஏன் இவ்வளவு குறைவான ஆட்கள்?

வரைபடப்பித்தன்:

கொஞ்ச நாளாகக் கான்சஸ் மாநில வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கவுண்டியாக (நம்மூர் மாவட்டம் மாதிரி) மேய்ந்துகொண்டிருக்கிறேன். மொத்தம் 105, அதனால் இது லேசில் முடியாது. சேஸ் கவுண்டிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பரப்பு சுமார் 778 சதுர மைல், 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,572. சதுர மைலுக்கு மூன்று பேர் சொச்சம்! இதே இடத்தில் 1900இல் எட்டாயிரத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். கவுண்டித் தலைநகர் காட்டன்வுட் ஃபால்ஸ், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், ஆனால் கடைத்தெருவின் கோடியில் 1873இல் கட்டிய கோர்ட்டு கட்டடம் ஒன்று கோபுரமும் கடிகாரமுமாக ஏதோ பிரெஞ்சு மாளிகை மாதிரி நிற்கிறது.

என் கேள்வி இரண்டு. ஆட்கள் போனதற்கு 1930களின் புழுதிப் புயல்தான் காரணமா? அப்புறம், செயற்கைக்கோள் படத்தில் சுற்றிலும் சதுரம் சதுரமாக உழுத வயல் தெரிகிறது, இந்தக் கவுண்டியும் அதற்கு வடக்கே தெற்கே உள்ள பட்டையும் மட்டும் உழாமல் கிடக்கிறதே, ஏன்? அரசாங்க நிலமா?

விசிட்டாக்காரன்:

புழுதிப் புயல் இல்லை. அது மாநிலத்தின் தென்மேற்கு மூலையையும் அதை ஒட்டிய ஓக்லஹோமா, கொலராடோ பக்கத்தையும் நாசமாக்கியது, அங்கே மழையே வருஷத்துக்கு 20 அங்குலத்தைத் தாண்டாது, அந்த மண்ணை உழுது போட்டார்கள், காற்று அள்ளிக்கொண்டு போனது. சேஸ் கவுண்டிக்கு 35 அங்குலம் போலக் கிடைக்கும். புல் பெயர்க்கப்படாததால் மண்ணும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு விடை காலுக்குக் கீழே இருக்கிறது. நான் விசிட்டாவில் இருப்பதால் 177ஆம் நம்பர் சாலையில் அடிக்கடி போவேன். மேட்ஃபீல்ட் கிரீனிலிருந்து வடக்கே போகும்போது குன்றை வெட்டிச் சாலை போட்ட இடங்களில் ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டிப் பாருங்கள். வெளிர் மஞ்சள் சுண்ணாம்புப் பாறை அடுக்கடுக்காக இருக்கும், அதன் நடுவே பட்டை பட்டையாகச் சாம்பல் நிறச் சிக்கிமுக்கிக் கல். பெர்மியன் காலத்தில், அதாவது டைனோசர்களுக்கும் முன்னால், இங்கே கிடந்த ஆழமில்லாத கடலின் அடித்தளம் இது. சுண்ணாம்பு மழையில் கரைகிறது, சிக்கிமுக்கி கரைவதில்லை, அதனால் குன்றின் மேல் அந்தக் கல் உடைந்து உடைந்து சரளையாகத் தங்கிவிட்டது. மண் சில இடத்தில் ஒரு சாண்கூட இல்லை. ஏரைப் பூட்டினால் கொழு மழுங்கியதுதான் மிச்சம். ஃபிளின்ட் ஹில்ஸ் என்று இந்தப் பட்டைக்கே பெயர்.

ஆனால் கவுண்டி முழுக்க இப்படி இல்லை. காட்டன்வுட் ஆறும் அதில் விழும் ஓடைகளும் வண்டல் கொண்டுவந்து போட்ட பள்ளங்களில் மண் நல்ல ஆழம், அங்கே சோளம், சோயா எல்லாம் வருகிறது. முதலில் வந்தவர்கள் அந்தப் படுகையைப் பிடித்துக்கொண்டார்கள், ஊர்களும் அங்கேதான். குடியேறுபவர்களுக்கு நிலம் தரும் 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தை நம்பிப் பிறகு வந்தவர்களுக்கு 160 ஏக்கர் கல் குன்று. கிழக்கே 160 ஏக்கரில் ஒரு குடும்பம் தாராளமாகப் பிழைக்கும், இந்தக் குன்றில் முடியாது. அதனால் சின்னச் சின்னப் பங்குகள் கைமாறிப் பெரிய பண்ணைகளாயின. ஸ்டீஃபன் ஜோன்ஸ் என்பவர் 1881இல் ஸ்ட்ராங் சிட்டிக்கு வடக்கே கட்டிய கல் வீடும் மூன்றடுக்குக் கல் தொழுவமும் இன்னும் இருக்கின்றன. தொழுவத்தைப் பார்த்தால் வீட்டில் இருந்தது மாடா, தொழுவத்தில் இருந்தது ஆளா என்று சந்தேகம் வரும்.

அப்புறம் ரயில் வந்தது. டெக்சஸில் மெலிந்து கிடந்த மாடுகளை வசந்தத்தில் ரயிலேற்றிக் கொண்டுவந்து இந்தப் புல்லில் விட்டுக் கொழுக்க வைத்து, கான்சஸ் சிட்டிச் சந்தைக்கு அனுப்பினார்கள். சுண்ணாம்புப் பாறையில் முளைத்த புல் மாட்டுக்கு அவ்வளவு ஊட்டம். இன்றைக்கும் அதே தொழில்தான், ரயிலுக்குப் பதில் லாரி. இந்தத் தொழிலுக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் வேண்டும், ஆட்கள் வேண்டாம். உங்கள் 2,572 அதுதான்.

கரிசல்மேடு:

விசிட்டாக்காரர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உழாததற்குக் கல் காரணம், சரி. ஆட்கள் குறைந்ததற்கு அது காரணம் இல்லை.

மேற்கே பக்கத்துக் கவுண்டி மேரியனை எடுத்துக்கொள்ளுங்கள். 1874இல் ரஷ்யாவிலிருந்து மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவு மக்கள் வந்து குளிர்காலக் கோதுமை போட்ட பகுதி அது, நல்ல உழவு மண். அங்கே இன்று சேஸைப் போல நாலு மடங்குக்கு மேல் ஆட்கள், இதற்குக் கல்தான் விளக்கம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மேரியனிலும் நூறு வருஷத்துக்கு முன் இருந்ததில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் மிச்சம். அங்கே கல் எங்கே வந்தது? டிராக்டரும் கம்பைன் அறுவடை எந்திரமும் வந்தபின் பத்துக் குடும்பம் செய்த வேலையை ஒரு குடும்பம் செய்கிறது, பிள்ளைகள் விசிட்டாவுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் போகிறார்கள், பள்ளிக்கூடங்களை ஒன்றாகச் சேர்க்கிறார்கள், பள்ளி போன ஊரில் கடை நிற்பதில்லை. சமவெளி முழுக்க இதே கதை. சேஸில் சில ஊர்களுக்கு வெள்ளமும் சேர்ந்துகொண்டது. படுகை மண் வளம் என்று ஆற்றோரம் ஊர் வைத்தார்களே, சாஃபர்ட்வில் 1951 வெள்ளத்தோடு ஊர் என்ற கணக்கில் முடிந்துபோனது.

இன்னொன்றை யாருமே சொல்லவில்லை. 35 அங்குல மழை பெய்தால் அங்கே மரம் வளர வேண்டும். ஏன் புல்வெளியாக இருக்கிறது? நெருப்பு! ஒவ்வொரு ஏப்ரலிலும் பண்ணைக்காரர்கள் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிறார்கள். இரவில் குன்றின் ஓரமாக ஒற்றைக் கோடாக நெருப்பு ஏறிப் போகும், மறுநாள் கரி மட்டும், இரண்டு வாரத்தில் கண்ணைப் பறிக்கும் பச்சை. பெரும் புளூஸ்டெம் போன்ற புற்களின் உயிர் தரைக்குக் கீழே வேரில் இருக்கிறது, ஆளுயரத்துக்கு வளர்ந்தாலும் அதைவிட ஆழமாக வேர் போகும், அதனால் தீ அதை ஒன்றும் செய்யாது. சீடார் மரக்கன்றுகள்தான் செத்துப்போகும். சில வருஷம் தீ வைக்காமல் விட்ட மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், சீடார் மண்டிக் கிடக்கும். தீ வைத்த நிலத்தில் மேய்ந்த மாடு கூடுதலாக எடை போடும் என்பதும் ஒரு காரணம், அதை அவர்கள் மறைப்பதில்லை. புகை நெப்ராஸ்கா வரைக்கும் போகிறது, நகரத்துக்காரர்கள் வருஷா வருஷம் திட்டுகிறார்கள், அந்தத் திட்டும் நியாயம்தான்.

ஓடைக்கரை:

எல்லாரும் 1862இலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். தீ வைக்கும் பழக்கத்தைப் பண்ணைக்காரர்களா கண்டுபிடித்தார்கள்? காட்டெருமையை இளம்புல்லுக்கு வரவழைக்கக் கா, ஓசேஜ் என்ற பூர்வகுடி மக்கள் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே செய்தது அது.

கான்சஸ் என்ற பெயரே கா மக்களுடையது. 1825 ஒப்பந்தத்தில் பெரும்பகுதி நிலம் போனது. 1846 ஒப்பந்தத்தில் கவுன்சில் குரோவ் பக்கம், அதாவது சேஸுக்கு நேர் வடக்கே உள்ள மாரிஸ் கவுண்டியில், ஒரு துண்டில் அடக்கினார்கள். 1859இல் அதையும் சுருக்கினார்கள். சேஸ் கவுண்டியை உருவாக்கியதும் அதே 1859தான், ஓஹையோ அரசியல்வாதி சால்மன் சேஸ் பெயரில். கடைசியில் கா மக்களை மொத்தமாகத் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு, அனுப்பியது 1873இல். கேள்வி கேட்டவர் வியந்த அந்தக் கோர்ட்டு கட்டடம் எழுந்த அதே வருஷம். தேதிகள் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாம், நடந்த காரியம் தற்செயல் இல்லை.

கவுன்சில் குரோவ் பக்கம் பாட்டியோடு சிறுவனாகக் கொஞ்ச காலம் வாழ்ந்த சார்லஸ் கர்ட்டிஸ் 1929இல் அமெரிக்கத் துணை அதிபரானார், அவர் கா வழியினர். 2000இல் கா மக்கள் அந்தப் பகுதியிலேயே கொஞ்சம் நிலத்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். தங்கள் நிலத்தைத் தாங்களே காசு கொடுத்து!

வரைபடப்பித்தன்:

அருமை, அருமை. கரிசல்மேடு சொன்ன மேரியன் ஒப்பீடு எனக்குத் தோன்றவே இல்லை. அரசாங்க நிலமா என்ற கேள்வி மட்டும் நிற்கிறது, வரைபடத்தில் தேசியப் புல்வெளிக் காப்பகம் என்று ஒன்று தெரிகிறதே? கோர்ட்டு கட்டடத்துக்கு அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்பதும்.

விசிட்டாக்காரன்:

காப்பகம் 1996இல் வந்தது, சுமார் 10,900 ஏக்கர், நான் சொன்ன ஜோன்ஸ் பண்ணைதான் அது. பெயரில் தேசியம் இருந்தாலும் நிலம் பெரும்பாலும் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்புக்குச் சொந்தம். அரசு 180 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். தேசியப் பூங்கா என்று பேச்சு எடுத்த காலத்திலெல்லாம் அங்கத்திய பண்ணைக்காரர்கள் மல்லுக்கு நின்றதால் வந்த சமரசம். 2009இல் காட்டெருமைகளைத் தெற்கு டகோட்டாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். கவுண்டியின் மற்ற நிலம் அநேகமாக எல்லாம் தனியார் மேய்ச்சல், வேலியைத் தாண்டி நடக்காதீர்கள்.

கட்டடத்துக்கு வருவோம். கல் பக்கத்திலேயே வெட்டியது, மாநிலத் தலைநகர் டொபீக்காவில் உள்ள சட்டமன்றக் கட்டடத்துக்கே இங்கிருந்து கல் போயிருக்கிறது. உள்ளே மூன்று தளம் ஏறும் சுருள் படி, ஆற்றோரம் வளர்ந்த வால்நட் மரத்தில் செய்தது. கைப்பிடியைத் தடவிப் பார்த்தால் இணைப்பே கைக்குத் தட்டுப்படாது. மேலே பழைய சிறை அறையும் உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கவுண்டித் தலைநகரும் நாளைக்கு நாம்தான் சிகாகோ என்று நினைத்தது, ஆள் வரும் என்று நம்பிக் கட்டினார்கள். ஆனால் சான்டா ஃபே ரயில் ஆற்றுக்கு வடக்கேயே போய்விட்டது, நிலையத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் ஸ்ட்ராங் சிட்டி, ரயில் கம்பெனித் தலைவர் பெயர். இரண்டு ஊருக்கும் நடுவே இரண்டு மைல்கூட இருக்காது, இரண்டும் இன்றுவரை தனித்தனி.

கரிசல்மேடு:

போவதாக இருந்தால் ஒரு யோசனை. தீ பார்க்க ஏப்ரல், புல்லைப் பார்க்கச் செப்டம்பர் கடைசி, அப்போதுதான் புளூஸ்டெம் செம்பு நிறமாகும். சாப்பாட்டையும் பெட்ரோலையும் எம்போரியாவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கிழக்கே 20 மைல். பஸார் என்ற ஊர்ப் பக்கம் சுங்கச்சாலையில் ஒரு வெளியேறும் வழி தெரியும், அதில் இறங்கிவிடாதீர்கள், அது மாட்டு லாரிகளுக்கு மட்டும், போனால் பட்டியில்தான் போய் நிற்பீர்கள்.