தாயின் கையையும் அளந்தீர்களா? நெருக்கடி நாடுகளில் பணியாற்றியவர்களின் அனுபவப் பகிர்வு

தொடங்குபவர்: குழந்தை மருத்துவர், மதுரை (முன்பு வடகிழக்கு நைஜீரியா)

நம்மில் சிலர் போர், பஞ்சம், பொருளாதாரச் சரிவு நடந்த இடங்களில் வேலை செய்திருக்கிறோம். எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறோம். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. அதற்காகவே இந்தத் திரி. நான் தொடங்குகிறேன், மற்றவர்கள் தொடருங்கள்.

நான் இருந்தது போர்னோ மாநிலத்தின் தலைநகரான மைதுகுரியில். 2009இல் வெடித்த ஆயுத மோதலில் கிராமங்களை விட்டு ஓடிவந்தவர்கள் நகரத்தைச் சுற்றி முகாம்களில் வாழ்ந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பஞ்ச மாதங்கள். போன அறுவடையின் தானியம் தீர்ந்திருக்கும், புதியது வந்திருக்காது. மழையும் மலேரியாவும் வருவதும் அதே மாதங்களில்தான். அப்போது எங்கள் வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய் விரிப்போம்.

கடும் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கான சிகிச்சை இன்று தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையில் வண்ண நாடாவைச் சுற்றுகிறோம். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு. நாடா சிவப்பைக் காட்டாவிட்டாலும், இரண்டு பாதங்களிலும் வீக்கம் இருந்து விரலால் அழுத்தினால் குழி விழுந்தால் அதுவும் கடுமையான நிலைதான். பசி எடுத்துச் சாப்பிடும் குழந்தைக்கு நிலக்கடலை, பால்மாவு, எண்ணெய், சர்க்கரை, நுண்சத்துகள் கலந்த பசையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். பசியே செத்துப்போன குழந்தையையும், உடல் சில்லிட்ட குழந்தையையும் வார்டில் சேர்த்தாக வேண்டும். அவர்களுக்கு முதலில் எஃப்-75 என்னும் பால். நூறு மில்லியில் 75 கலோரிதான். இரவும் பகலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பரிதாபப்பட்டு முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து இதயம் நின்றுவிடக்கூடும். அதிர்ச்சி நிலையில் (உடலில் இரத்த ஓட்டம் குலைந்த நிலையில்) இல்லாத குழந்தைக்குச் சிரை வழியே நீர் ஏற்றுவதும் ஆபத்துதான்.

இத்தனையும் ஏட்டில் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து அந்தப் பாலைக் கோப்பையில் வாங்கிச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவது யார்? தாய்தான். ஆனால் நோயாளிப் பதிவேட்டில் அவளுக்கு இடம் கிடையாது. எங்கள் சமையலறையிலிருந்து வந்த உணவு குழந்தைகளுக்கு மட்டுமே. தாய்மார்கள் பக்கத்துக் கட்டிலுக்கு யாராவது உறவினர் கொண்டுவருவதில் பங்கு வாங்கிச் சாப்பிட்டார்கள். இல்லாவிட்டால் பட்டினி கிடந்தார்கள். சில நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் போய்விடுவார்கள். அவர்களைச் 'சிகிச்சையைக் கைவிட்டவர்' என்று பதிவேட்டில் குறிப்பார்கள். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யார் யாரைக் கைவிட்டது?

அந்த வார்டின் தலைமைச் செவிலியர் கனூரி இனத்தவர். அவருடையதும் முகாமுக்கு ஓடிவந்த குடும்பம்தான். ஒருநாள் அவர் ஒவ்வொரு தாயின் கையையும் அளந்து தாளில் எழுதி நிர்வாகக் கூட்டத்தில் வைத்தார். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பல நாடுகளில் 23 சென்டிமீட்டரை எல்லையாக வைக்கிறார்கள், சில இடங்களில் 21. அந்தத் தாளில் இரண்டு எல்லைகளுக்கும் கீழே இருந்த பெண்கள் வரிசையாக இருந்தார்கள். அதன் பிறகுதான் தாய்மார்களுக்கும் தூவோ என்னும் தானியக் களியும், பெருக்க மரத்து இலையை உலர்த்திப் பொடித்த குழம்பும் (மன்னாரில் நிற்கிறதே, அதே மரம்) வரத் தொடங்கின. பாதியில் போகிறவர்கள் கண்ணெதிரே குறைந்தார்கள். புது மருந்து எதுவும் வரவில்லை, களியும் குழம்பும்தான்.

மறுமொழி: சென்னை, மென்பொருள் துறை

டாக்டர், வணக்கம். களத்தில் வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை. எங்கள் அலுவலக நண்பர்கள் சேர்ந்து முகாம்களில் உள்ள கைக்குழந்தைகளுக்குப் பால்மாவு டின் அனுப்பலாம் என்று பணம் திரட்டியிருக்கிறோம். தாய்க்கே உணவில்லாதபோது தாய்ப்பால் எப்படிச் சுரக்கும் என்பதுதான் எங்கள் எண்ணம். இது சரியா?

மறுமொழி: செவிலியர், திருநெல்வேலி (முன்பு காக்ஸ் பஜார், பங்களாதேஷ்)

தம்பி, உங்கள் மனசு பெரியது. ஆனால் டின் அனுப்ப வேண்டாம். முகாமில் அந்தப் பால்மாவைக் கலக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசியுங்கள். கழிப்பறைக் குழிக்குப் பக்கத்தில் தோண்டிய ஆழமில்லாத குழாய்க் கிணற்றிலிருந்துதான். புட்டியைக் கொதிக்கவைக்க விறகு கிடையாது. டின் தீர்ந்த பிறகு அடுத்த டின்னும் வராது. அதற்குள் தாய்க்குப் பால் வற்றியிருக்கும். டின்னை நீட்டிக்க நீர்க்கப் பாலைக் கலப்பார்கள், வயிற்றுப்போக்கு வரும். மற்றதை நீங்களே ஊகிக்கலாம். இது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலை விற்பதால் பச்சிளங்குழந்தைகள் சாகிறார்கள் என்று கடுமையாகப் பேசினார். தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான சர்வதேச விதிகள் 1981இல்தான் வந்தன. இடையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல்.

மெலிந்த தாய்க்கும் பெரும்பாலும் பால் சுரக்கும். குழந்தையின் பாலுக்காகத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுத்து அவள் இன்னும் மெலிவாள், அதுதான் கவலை. அந்தப் பணத்தைத் தாய்க்கு உணவு கொடுக்கிற அமைப்பிடம் கொடுங்கள்.

இனி என் அனுபவம். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மாரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்கள் எல்லை தாண்டி வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் குதுபாலோங் என்னும் பதிவு பெற்ற அகதி முகாமில் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 24.3 விழுக்காட்டினர் உடல் மெலிந்திருந்தார்கள். 15 விழுக்காட்டைத் தொட்டாலே அவசரநிலை என்கிறார்கள்.

எங்கள் மையத்தில் வாரத்துக்கு ஒருமுறை கடலைப் பசைப் பொட்டலங்களைக் கொடுப்போம். ஒரு பொட்டலம் 92 கிராம், சுமார் 500 கலோரி. ஒரு பெண் குழந்தை வாரா வாரம் வந்தும் எடை ஏறவில்லை. 'தாய்க்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்று அட்டையில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். குடிசைக்குப் போய்ப் பார்த்தேன். மூங்கிலும் தார்ப்பாயும் போட்ட ஒரே அறை. நான்கு பிள்ளைகள். அம்மா ஒரு பொட்டலத்தைக் கிழித்து, நான்கு வாய்க்கும் விரலால் சமமாக வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு மறைக்கவில்லை. 'ஒருத்தி தின்ன மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?' என்று உடன் வந்த தன்னார்வலரிடம் கேட்டாள். அவளுக்கு அறியாமை என்று எழுதுகிறவர்கள் அந்த அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அதனால்தான் டாக்டர், வார்டில் தாய்க்குச் சாப்பாடு போட்டது நல்லதென்றாலும் அதோடு நிறுத்த முடியாது என்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு அவள் குடும்பத்தின் உணவு அட்டைதான் குழந்தையைக் காக்கும். 2023 மார்ச்சில் நிதியில்லை என்று ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவியை 10 ஆக்கினார்கள், ஜூனில் 8. ஒரு வேளைக்கு ஒன்பது சென்ட் வரும். அந்த மாதங்களில் தாய்மார்கள் எதை விட்டார்கள் என்று கேட்டோம். முதலில் மீன், பிறகு பருப்பு, பிறகு தங்கள் இரவுச் சாப்பாடு. எல்லா வீட்டிலும் வரிசை ஒன்றுதான். 2024 தொடக்கத்தில் மறுபடி 10 டாலர் ஆனது.

மறுமொழி: ஓய்வுபெற்ற மருத்துவமாது, நுவரெலியா மாவட்டம்

எங்களுக்குப் போர் முகாம் அனுபவம் இல்லை. 2022இல் இலங்கையில் வந்த பொருளாதார நெருக்கடியைப் பற்றித்தான் எழுத முடியும். அப்போது நான் தேயிலைத் தோட்டப் பகுதியில் குடும்ப நல உத்தியோகத்தராக இருந்தேன்.

அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். தோட்டத்தில் நாட்சம்பளம் 2021 மார்ச்சில்தான் ஆயிரம் ரூபாயாகியிருந்தது. அதுவும் குறித்த கிலோ கொழுந்து பறித்தால். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பாக்கெட் 790 ரூபாய்க்கு ஏறியது. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒருவேளை ரொட்டியும் சம்பலும், மற்ற வேளைகளில் வெறும் தேநீர் என்றாகிவிட்டது. ஜூன் இறுதியில் பெற்றோல் அறவே இல்லாமல் போனபோது கிளினிக் நாட்களில் மலையை நடந்தே ஏறி இறங்கினோம். கர்ப்பிணிகளும் நடந்துதான் வந்தார்கள், அதற்கு முன் கொழுந்துக்கூடையோடு ஏறிய அதே மலையில்.

முதல் வருகையில் உடல் திணிவுச் சுட்டி (பிஎம்ஐ) 18.5க்குக் கீழே உள்ள பெண்ணுக்குப் பேறுகாலத்தில் பன்னிரண்டரைக் கிலோவாவது கூட வேண்டும் என்று நாங்கள் படித்தோம். அந்த ஆண்டில் நிறை அட்டைகளில் நான் போட்ட புள்ளிகள் தட்டையாகக் கிடந்தன. ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளைக்கு (பிள்ளைத்தாய்ச்சியைத்தான் சொல்கிறேன், பத்தொன்பது வயது, எனக்குப் பிள்ளைதான்) நிறை கூடாததோடு இறங்கியும் இருந்தது. விசாரித்தபோது மாமியார்தான் சொன்னார்: தனக்குக் கொடுத்த திரிபோஷா சத்துமாவை வறுத்து உருண்டை பிடித்துப் பிள்ளை மடுவத்துக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு) போகும் மூத்த மகனுக்குக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறாள் என்று. ஏனென்றால் அவனுக்குரிய பங்கு வரவில்லை. பூஞ்சை நஞ்சு எல்லைக்குள் இருக்கும் சோளம் கிடைக்காததால் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான திரிபோஷா உற்பத்தி அக்காலத்தில் நின்றிருந்தது. 1973இலிருந்து நாடு முழுவதும் கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் தாங்கிய உணவு அது. தேவை உச்சத்தில் இருந்தபோது சங்கிலி அறுந்தது.

காக்ஸ் பஜார் தங்கச்சி எழுதிய நான்கு வாய்க் கதையைப் படித்தபோது எனக்கு இந்தப் பெண்ணின் முகம்தான் வந்தது. அவளைத் திட்டி என்ன பயன்? மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசினேன். முருங்கை இலை, அகத்தி, கிடைக்கும்போது நெத்தலிக் கருவாடு, பயறு. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இரும்பு மாத்திரையைத் தேசிக்காய் (எலுமிச்சை) சாறோடு எடுங்கள் என்றேன். தேயிலை விளையும் மலையில் இதைச் சொல்வது சிரமம், ஆனால் காசில்லாமல் செய்யக்கூடியது. தோட்டத்து வெல்ஃபெயார் உத்தியோகத்தரிடம் பேசி அவளை மலையிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார்ந்த வேலைக்கு மாற்றச் செய்தோம். குழந்தை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

டாக்டரிடம் ஒரு கேள்வி. எங்கள் காலத்தில் இரும்பும் போலிக் அமிலமும்தான். இப்போது பல நுண்சத்துகளை ஒரே மாத்திரையில் கொடுக்கிறார்கள் என்கிறார்களே, அது எந்த அளவு உதவுகிறது?

மறுமொழி: தொடங்குபவர்

அக்கா, அதில் 15 விட்டமின்களும் தாதுக்களும் இருக்கின்றன, இரும்பும் போலிக் அமிலமும் உட்பட. இரும்பு–போலிக் மட்டும் கொடுப்பதைவிட இதைக் கொடுத்தால் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறைகிறார்கள் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் மாத்திரை சோறாகாது. நீங்கள் அந்தப் பெண்ணை ஸ்டோருக்கு மாற்றியதை எந்த மாத்திரையும் செய்யாது.

உங்கள் தட்டையான புள்ளிகள் உலகம் முழுவதும் இருக்கின்றன. யூனிசெஃப் 2023இல் வெளியிட்ட கணக்குப்படி, உணவு நெருக்கடி கடுமையாகத் தாக்கிய 12 நாடுகளில் உடல் மெலிந்த கர்ப்பிணிகளும் பாலூட்டும் பெண்களும் 2020இல் 55 லட்சமாக இருந்து 69 லட்சமாகிவிட்டார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட வளர்ச்சி குன்றிய குழந்தைகளில் பாதிப் பேர் கருவிலோ முதல் ஆறு மாதத்திலோதான் குன்றுகிறார்கள் என்றும் அது சொல்கிறது. அந்தப் பருவத்தில் குழந்தைக்குத் தாயைத் தவிர வேறு உணவு கிடையாது. அப்படியிருக்க, ஆறு மாதம் ஆன பிறகு நாடாவை எடுத்து அளக்கத் தொடங்குகிறோம்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை மெலிந்து வந்தால் நாங்கள் செய்ததை எழுதுகிறேன், மென்பொருள் தம்பியின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. மெல்லிய குழாயின் ஒரு முனையைப் பால் கோப்பையில் வைத்து, மறுமுனையை மார்புக் காம்போடு சேர்த்துப் பிடிப்போம். குழந்தை மார்பைச் சப்பும்போது குழாய் வழியே கோப்பைப் பாலும் வரும். வயிறு நிறையும், சப்பச் சப்பத் தாய்க்கும் பால் ஊறும். சில நாளில் கோப்பையைக் கீழே இறக்குவோம், குழந்தை இன்னும் பலமாக இழுக்க வேண்டும். கடைசியில் குழாய் தேவையில்லை. இதற்கு வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண். ஏற்கெனவே இதைச் செய்து தேறிய தாயே அந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவள். நைஜரில் தாய்மாரிடமே நாடாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். சுகாதாரப் பணியாளருக்குக் குறையாமல் அளந்தார்கள், குழந்தை கவலைக்கிடமாகும் முன்பே கொண்டுவந்தார்கள். எங்கள் முகாமிலும் இதைத் தொடங்கினோம்.

இப்போது மைதுகுரி நண்பர்களிடமிருந்து வரும் செய்தி வருத்தமாக இருக்கிறது. 2025 ஜூலையில் உலக உணவுத் திட்டம் வடகிழக்கு நைஜீரியாவில் தன் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்றும், தான் ஆதரித்துவந்த 150க்கும் மேற்பட்ட ஊட்டச்சத்து மையங்கள் மூடப்படும் என்றும் அறிவித்தது. அதுவும் பஞ்ச மாதத்தின் நடுவில். நாடா அந்தத் தாய்மாரின் கையில் இருக்கிறது, நடந்துபோய்ச் சேர மையம் இல்லை.

ஏமன், தென் சூடான் பக்கம் இருந்த உறுப்பினர்கள் இரண்டு பேர் இந்தக் குழுவில் உண்டு. மையம் மூடிய இடங்களில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் உணவு எப்படிப் போய்ச் சேர்ந்தது, யார் சமைத்தார்கள், பணம் எங்கிருந்து வந்தது என்பதை விவரமாக எழுதுங்கள். அங்கே இப்போது இருப்பவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.