புதுப்பிப்பு: ஸ்விஃப்ட் அலாய் வீல் உரசல் தீர்ந்தது

போன மாதம் எழுதியிருந்தேனே, ஸ்விஃப்ட் காருக்கு வாங்கிய ஆஃப்செட் 45 (வீலின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் மாட்டும் முகம் வரை உள்ள தூரம், மி.மீ. கணக்கில்; எண் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும்) அலாய் வீல் உள்பக்கம் ஸ்ட்ரட்டில் (ஷாக் அப்சார்பர் தூண்) உரசுகிறது என்று, அது தீர்ந்தது. வீலுக்குப் பின்னால் 5 மி.மீ. ஸ்பேசர் (இடைத்தட்டு) போட்டதும் ஆஃப்செட் 40 போல வீல் வெளியே வந்துவிட்டது, இப்போது வீலுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஐஸ் குச்சி தாராளமாக நுழைகிறது.

ஆனால் கடையில் மாட்டியபோது ஸ்பேசரின் தடிமனால் நட்டு ஐந்தே சுற்றில் இறுகி நின்றதைப் பார்த்து வயிறு கலங்கிவிட்டது, 12 மி.மீ. ஸ்டட்டில் (நட்டு மாட்டும் மரைத் தண்டு) குறைந்தது 12 மி.மீ. மரையாவது பிடிக்க வேண்டும், 1.25 மி.மீ. பிட்ச்சுக்கு (ஒரு சுற்றில் நட்டு நகரும் தூரம்) அது கிட்டத்தட்ட பத்துச் சுற்று. நீள ஸ்டட் மாற்றிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அப்புறம் 80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கியது. ஹப் (வீல் உட்காரும் நடுமேடு) விட்டம் 54.1 மி.மீ., வீலின் நடுத்துளை 67.1 மி.மீ., அதனால் வீல் சரியாக நடுவில் உட்காரவில்லை. ஹப் விளிம்புள்ள ஸ்பேசரும் இடைவெளியை நிரப்பும் வளையமும் போட்டதும் அடங்கியது. 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் (குறித்த விசைக்கு இறுக்கும் ஸ்பேனர்) நட்டுகளை மறுபடி பார்த்தேன், ஒன்று லேசாகத் தளர்ந்திருந்தது.