கடைசி ஒரு மணி நேரம் போதுமா? டூர் டி பிரான்ஸ் ஒளிபரப்பு பற்றி

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸை முழுக்க முழுக்க நேரலையில் காட்டுவது தேவையில்லை என்பது என் கருத்து. திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள். 2017-லிருந்து எல்லா ஸ்டேஜையும், அதாவது ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும், கொடி அசைப்பதிலிருந்து முடிவுக் கோட்டைத் தாண்டும் வரை காட்டுகிறார்கள். நம் நேரத்துக்கு மாலை நாலரைக்கு ஆரம்பித்தால் முடிய ஒன்பது ஆகிறது, இப்படி 21 ஸ்டேஜ். சமதளப் பாதை என்றால் முதல் மூன்று மணி நேரம் என்ன நடக்கிறது? மூன்று பேர் முன்னால் ஓடிப்போவார்கள், மீதிக் கூட்டம் பேசிக்கொண்டே பின்னால் வரும், ஹெலிகாப்டர் ஒரு பழைய கோட்டையைச் சுற்றும், அப்புறம் ஒரு சூரியகாந்தி வயலைச் சுற்றும், கடைசி பத்து கிலோமீட்டரில் அந்த மூன்று பேரையும் பிடித்துவிடுவார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 27, கடைசி ஸ்டேஜ் அன்று கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, செல்போனை டிவியில் இணைத்து ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். பாரிஸில் மழை. மோன்மார்த்ர் மேட்டை மூன்று முறை ஏற வேண்டும், அந்த வருடம்தான் புதிதாகச் சேர்த்தது. மழையால் மொத்தக் கணக்குக்கான நேரத்தை முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள், அதனால் மொத்த நேரத்தில் முன்னிலையில் இருந்த பொகாச்சார் சும்மா வந்தாலும் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சி அவருக்குத்தான், ஆனாலும் மனிதர் விடாமல் மிதித்தார். அன்று ஆரம்பமே தாமதம், மணி பதினொன்றை நெருங்குகிறது, மூன்றாவது ஏற்றம் ஆரம்பிக்கிறது, அந்த நேரம் பார்த்து விளம்பரம். திரும்பி வந்தால் வான் ஆர்ட் என்ற வீரர் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறார். பொகாச்சாரை எப்படிக் கழற்றிவிட்டார் என்பதை மறுநாள் துண்டு வீடியோவில்தான் பார்த்தேன். மூன்று வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்ததற்கு இதுதான் பலனா?

நான் கேட்பது இவ்வளவுதான். சமதளத்துக்குக் கடைசி ஒரு மணி நேரம், மலைக்கு ஒன்றரை மணி நேரம், அதில் ஒரு விளம்பரமும் கூடாது. அதற்கு முன் நடந்ததைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடட்டும்.

காசிமேடு காற்று:
அண்ணே, விளம்பரத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது. அதற்காக முழு நேரலையை வெட்டச் சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது.

2022 டூர், ஜூலை 13, கிரானோன் மலையில் முடிந்த ஸ்டேஜ். நீங்கள் கேட்கும் ஒன்றரை மணி நேரத்தை மட்டும் பார்த்தவர் கண்ணில் என்ன பட்டிருக்கும்? பொகாச்சார் திடீரென்று கால் செத்தவர் மாதிரி ஆகிவிட்டார், அவருடைய போட்டியாளர் விங்கெகோ ஏறிப் போனார், மஞ்சள் ஜெர்சி கைமாறியது. ஏன் அப்படி ஆனது? அதற்கு முந்தைய கலிபியே மலையில், முடிவுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர் இருக்கும்போதே, ஒரே அணியைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்கெகோவும் மாற்றி மாற்றிப் பாய்ந்தார்கள். ஒருவரைத் துரத்திப் பிடித்தால் அடுத்தவர் கிளம்புவார், அவரையும் பிடித்தால் மறுபடி முதல் ஆள், அந்த நேரத்தில் பொகாச்சாருக்குக் கைகொடுக்கப் பக்கத்தில் அவர் அணி ஆள் ஒருவரும் இல்லை, எல்லாவற்றுக்கும் தானே பதில் சொன்னார், அதன் விலையைத்தான் கிரானோனில் கொடுத்தார். கலிபியேயைப் பார்க்காதவருக்கு அன்றைக்குக் கதையே புரிந்திருக்காது.

இன்னொன்று காற்று. எங்கள் வீட்டில் படகு இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன் நான். பக்கவாட்டில் காற்று அடித்தால் ரேஸ்காரர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக வரிசை கட்டுவார்கள், ஒருவர் மறைவில் ஒருவர். சாலை எவ்வளவு அகலமோ அவ்வளவு பேருக்குத்தான் அந்த மறைவு. இடம் கிடைக்காதவர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, தனியாகக் காற்றை வாங்கி, அறுந்துபோவார். 2020-ல் லாவூர் ஊருக்குப் போன ஏழாவது ஸ்டேஜில் பொகாச்சாரே இப்படி மாட்டி 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். மலையில் நடந்ததா? இல்லை, நீங்கள் ஒன்றும் நடக்காது என்று சொல்லும் மாதிரியான பாதையில்தான்.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
தம்பி, லாவூரில் அந்தக் கூட்டம் உடைந்தது கடைசி 35 கிலோமீட்டருக்குள். நான் கேட்கும் ஒரு மணி நேரத்துக்குள் அது வந்துவிடுகிறது. உன் உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது.

காசிமேடு காற்று:
உடைந்தது அங்கே, சரி. ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்தே என்ன நடந்தது? சகான் என்ற வீரருக்கு, அதிகப் புள்ளி எடுப்பவர் போடும் பச்சை ஜெர்சிக்கான புள்ளிகள் வேண்டும் என்று அவருடைய போரா அணி முதல் ஏற்றத்திலேயே வேகத்தைக் கூட்டி, பச்சை ஜெர்சியில் இருந்த சாம் பென்னட்டையும் கடைசி நேரத்தில் வேகமாகப் பாயும் மற்ற ஸ்ப்ரிண்ட் ஆட்களையும் கழற்றிவிட்டது, பிறகும் விடவில்லை, நாள் முழுக்க இழுத்தது. காற்று வந்தபோது ஏற்கெனவே எல்லாருக்கும் கால் கனத்துவிட்டது. கயிறு அறுந்த இடத்தை மட்டும் காட்டினால் போதுமா அண்ணே, அது எத்தனை நேரமாக இழுபட்டது என்று தெரிய வேண்டாமா?

எண்ணூர் ரோடு 5 மணி:
நான் பேச வந்தது வேறு. எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்று இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள், எப்படிக் காட்டுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் சைக்கிள் மிதிப்பவன் நான். கன்டெய்னர் லாரி ஒன்று ஒரு முழம் தள்ளிக் கடந்து போனால் ஹேண்டில் எப்படி இழுக்கும் என்பது கையில் தெரியும். அதனால் ரேஸில் கேமரா மோட்டார் சைக்கிள்கள் வீரர்களை உரசுகிற மாதிரி போவதைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

2011 டூரில் ஒன்பதாவது ஸ்டேஜ். பிரெஞ்சு தொலைக்காட்சியின் கார் ஒன்று முன்னால் போன குழுவைத் தாண்டும்போது ஃபிளெச்சா என்ற வீரரை இடித்தது, பக்கத்தில் வந்த ஹூகர்லாண்ட் தூக்கி எறியப்பட்டு முள்கம்பி வேலியில் விழுந்தார், 33 தையல். அதோடு எழுந்து ஓட்டி முடித்து, அன்று மலை ஏற்றங்களில் முன்னிலை பெற்றவருக்கான புள்ளி போட்ட ஜெர்சியையும் வாங்கினார், மேடையில் அழுதார். 2016-ல் மோன் வான்தூ மலையில் கூட்டம் நெருக்கி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுவிட, அதன் மேல் போர்ட் என்ற வீரர் மோதினார், பின்னால் வந்த ஃபுரூமும் மாட்டினார், சைக்கிள் உடைந்து மஞ்சள் ஜெர்சியோடு மலை மேல் காலால் ஓடினார். அதே வருடம் மார்ச்சில் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் ரேஸில் டெமோய்ட்டியே என்ற இளைஞர் விழுந்தார், பின்னால் வந்த போட்டி மோட்டார் சைக்கிள் அவர் மேல் ஏறி இறந்தே போனார். அது கேமரா வண்டி இல்லை என்பது தெரியும், ஆனால் பந்தயத்துக்குள் இத்தனை வண்டி எதற்கு என்ற கேள்வி ஒன்றுதான்.

உயிர் ஆபத்து போக இன்னொரு அநியாயமும் உண்டு. முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறது. தனியாகத் தப்பிப் போகிறவர் முகத்தை நமக்குக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று கேமராக்காரர் நெருங்கினால் அவருக்கு இனாமாக மறைவு கிடைக்கிறது, துரத்துகிற கூட்டத்துக்கு அது கிடைக்காது. நாம் பார்ப்பதற்காக எடுக்கிற படமே முடிவை மாற்றிவிடுகிறது. ஹெலிகாப்டர் படத்தைக் கூட்டி மோட்டார் சைக்கிளைக் குறைக்கச் சொல்லுங்கள், கோட்டை தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

பெரம்பூர் லோகோ:
கோட்டை பற்றி நானும் ஒன்று சொல்கிறேன். 2022-ல் பதினெட்டாவது ஸ்டேஜ் லூர்து நகரத்திலிருந்து கிளம்பியது. என் அம்மாவுக்கு சைக்கிள் ரேஸில் எந்த அக்கறையும் கிடையாது. பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்கு வாரம் தவறாமல் போகிறவர், அசல் லூர்து ஆலயத்தை மேலிருந்து காட்டியபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து கைகூப்பி நின்றார். அப்புறம் நகரவே இல்லை. அன்று மாலை மலை இறக்கத்தில் பொகாச்சார் விழுந்ததும், விங்கெகோ வேகத்தைக் குறைத்து அவர் வரும்வரை காத்திருந்ததும், இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டே கைகுலுக்கியதும், எல்லாவற்றையும் பார்த்தார். "யாருடி அந்தப் பிள்ளை, நல்ல வளர்ப்பு" என்றார். பத்து நிமிடச் சுருக்கம் போட்டிருந்தால் அம்மா அந்த அறைக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். புதிதாக ஒருவர் இந்த விளையாட்டுக்குள் வருவது இப்படித்தான், அதனால் காசிமேடு தம்பி பக்கம் நான்.

ஆனால் இங்கே எல்லாரும் ஆண்கள் ரேஸை மட்டும் பேசுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெண்களுக்கான டூர் இப்போதைய வடிவில் 2022-ல்தான் வந்தது. ஒரு ஸ்டேஜில் இரண்டரை மணி நேரம் காட்டினால் அதுவே பெரிய விஷயம். 2024-ல் மஞ்சள் ஜெர்சியில் இருந்த வொல்லரிங் ஐந்தாவது ஸ்டேஜில் விழுந்து ஒன்றரை நிமிடத்துக்கு மேல் இழந்தார். அன்று ஜெயித்தவரும் அவர் அணிதான். கடைசி நாள் ஆல்ப் துவேஸ் உச்சியில் வொல்லரிங் முதலில் வந்தார், அப்புறம் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவருடைய போட்டியாளர் நிவியாடோமா மூச்சிரைக்க வந்து விழுகிறார், மொத்தக் கணக்கில் 4 விநாடியில் கோப்பை அவருக்கு. எட்டு ஸ்டேஜ் ஓடி 4 விநாடி! ஆண்கள் டூரிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் 1989-ல் லெமாண்ட் ஃபின்யோனை ஜெயித்த 8 விநாடி. எங்களுக்கு யாரும் முழு நேரலை வேண்டாம் என்று சண்டை போடும் நிலைமையே வரவில்லை மெக்கானிக் அண்ணா, கொடுத்தால்தானே வேண்டாம் என்று சொல்ல முடியும்.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
அக்கா, பெண்கள் ரேஸ் பற்றிச் சொன்னதில் எனக்கு ஒரு வார்த்தை மாற்றுக் கருத்து இல்லை. இன்னும் சொன்னால் என் வாதமே அதற்கு உதவும். ஆண்களின் சமதள ஸ்டேஜில் வீணாகும் மூன்று மணி நேரத்துக்கு ஆகும் செலவு கொஞ்சமா? மோட்டார் சைக்கிளில் எடுக்கும் படம் நேராகத் தரைக்கு வருவதில்லை, மேலே ஹெலிகாப்டருக்குப் போய், அங்கிருந்து இன்னும் உயரத்தில் சுற்றும் விமானத்துக்குப் போய், அப்புறம்தான் முடிவுக் கோட்டில் நிற்கும் வண்டிக்கு வருகிறது. அந்த விமானம் பறக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காசு. அதில் பாதியை மிச்சப்படுத்திப் பெண்கள் ரேஸை முழுசாகக் காட்டட்டும், முதல் ஆளாக நான் உட்காருகிறேன்.

லூர்து சரி, வருடம் முழுக்க லூர்து வராதே.

பழைய வண்ணை:
வயதில் மூத்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சின்ன வயதில் பேட்டை மைதானத்தில் ஒருவர் வந்து ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார். சைக்கிள் மேலேயே குளியல், சாப்பாடு, சட்டை மாற்றுவது. அவர் சுற்றுவது ஒரே வட்டம்தான், மெக்கானிக் தம்பி கணக்குப்படி அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கும் ஜனம் கலையாது. காரணம் மைக் பிடித்தவர். எத்தனையாவது மணி நேரம், கண் எப்படிச் செருகுகிறது, நேற்று இந்த நேரம் எப்படி இருந்தார், என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். நேரம் நீளமாக இருப்பதுதான் அங்கே விஷயம் என்பதை அந்த மைக்தான் எங்களுக்குப் புரியவைத்தது.

வானொலியில் அப்துல் ஜப்பார் சொன்ன கிரிக்கெட் வர்ணனையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள், படமே இல்லாமல் மைதானம் முழுக்கத் தெரியும். இன்று கபடிக்கும் ஐபிஎல்லுக்கும் தமிழில் வர்ணனை வருகிறது. சைக்கிள் ரேஸுக்கு ஆங்கிலத்தில் மூன்று மணி நேரம் கேட்டால் யாருக்குத்தான் சலிக்காது?

ஒரு சின்னக் கணக்கு. பிரான்ஸில் ரோபேர் ஷாப்பாட் என்று ஒருவர், முன்பு ரேஸ்காரர், பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர். தனியாக ஓடிப்போனவரைக் கூட்டம் பிடிக்க வேண்டுமானால் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் என்று கணக்குச் சொன்னார், அவர் பெயரிலேயே அது விதியாகிவிட்டது. இன்னும் 40 கிலோமீட்டர், இடைவெளி 3 நிமிடம் என்றால் பிடித்துவிடுவார்கள். 5 நிமிடம் என்றால் சந்தேகம். இதைத் தெரிந்துகொண்டு என் பேரனோடு உட்கார்ந்தேன். அதுவரை அவனுக்கு வெறும் படமாக இருந்தது, அப்புறம் இடைவெளி 4.10, 3.50, 3.55 என்று மாறும்போதெல்லாம் "தாத்தா, தப்பிச்சுடுவாங்களா" என்று கத்துகிறான். ஒன்றும் நடக்காத நேரம் என்று தம்பி சொன்ன அதே மூன்று மணி நேரம்.

காசிமேடு காற்று:
ஐயா, இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதோடு இன்னொன்று அண்ணே. இப்போது பொகாச்சார் மாதிரி ஆட்கள் கடைசி ஒரு மணி நேரம் வரை காத்திருப்பதே இல்லை. 2024-ல் இத்தாலியின் ஒரு நாள் ரேஸான ஸ்ட்ராடே பியாங்கேயில் 81 கிலோமீட்டர் இருக்கும்போது தனியாகக் கிளம்பினார். அதே வருடம் சூரிச்சில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் நூறு கிலோமீட்டர் இருக்கும்போதே பாய்ந்தார். 2025-ல் ருவாண்டாவின் கிகாலியிலும் அப்படித்தான். நீங்கள் டிவியைப் போடும்போது ரேஸ் முடிந்திருக்கும்.

எண்ணூர் ரோடு 5 மணி:
அப்படி 81 கிலோமீட்டர் தனியாகப் போகிறவருக்கு முன்னால் எத்தனை கேமரா வண்டி, எவ்வளவு தூரத்தில் என்று யாராவது அளந்தார்களா? என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தண்டையார்பேட்டை மெக்கானிக்:
உனக்குப் பதில் இல்லை தம்பி, நீ சொன்னது சரி, அவ்வளவுதான்.

மலை ஸ்டேஜுக்கு ஒன்றரை மணி நேரம் என்று நான் சொன்னது தப்பு, கிரானோனை நான் சுருக்கத்தில் மட்டும் பார்த்தவன், இன்று கடையில் கூட்டம் குறைந்ததும் கலிபியே பகுதியைத் தேடிப் பார்த்தேன், நீ சொன்ன மாதிரிதான் இருந்தது. ஒரு நாள் ரேஸ்களுக்கும் வாபஸ். சமதளத்தில் மட்டும் விடமாட்டேன். ஐயா சொன்ன கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய இடைவெளி எண் திரையில் எப்போதும் இருக்க வேண்டும், நான் பார்க்கும் ஒளிபரப்பில் பாதி நேரம் அது காணாமல் போகிறது, யார் எந்தக் குழுவில் என்றும் தெரிவதில்லை. அந்த எண்ணும் தமிழில் ஒரு குரலும் வரட்டும், அன்றைக்கு நாலரைக்கே ஷட்டரை இறக்குகிறேன். அது வரும்வரை சமதளத்துக்கு எனக்கு ஒரு மணி நேரம் போதும்.

பழைய வண்ணை:
வருகிற ஜூலையில் ஒரு சமதள ஸ்டேஜ் அன்று நான் பேரனைக் கூட்டிக்கொண்டு உன் கடைக்கு வருகிறேன் தம்பி. எண் காணாமல் போனால் ஸ்டாப் வாட்ச் கொண்டுவருகிறேன், முன்னால் போகிறவர் ஒரு மரத்தையோ பாலத்தையோ தாண்டும்போது அமுக்கி, கூட்டம் அதே இடத்துக்கு வரும்போது நிறுத்தினால் இடைவெளி வந்துவிடும். மைக் இல்லாமலே நான் சொல்கிறேன்.

பெரம்பூர் லோகோ:
ஆகஸ்டில் பெண்கள் டூருக்கும் அந்த ஷட்டர் இறங்க வேண்டும் அண்ணா. அம்மாவையும் கூட்டி வருகிறேன்.