ஜெனரேட்டரில் ஷாக் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

டெல்டாக்காரன்:
2018 நவம்பர், கஜா புயல் அடித்து எட்டோ ஒன்பதோ நாள். வேதாரண்யம் பக்கம். வாடகை ஜெனரேட்டர், வீட்டுக்கு அரை மணி நேரம்தான். எங்கள் முறை வந்தபோது மோட்டாரில் காற்று பிடித்துவிட்டது. பாடியில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. அவசரம், ஓடவிட்டபடியே ஒரு கையால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு செம்பில் தண்ணீர் ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து மச்சான் வழியில் கிடந்த வயரைக் காலால் ஒதுக்கினான். கை ஒட்டிக்கொண்டது. கத்த வாய் வரவில்லை. செம்பு தரையில் உருண்ட சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தார். டெஸ்டரே எரியாத இடத்தில் எப்படி ஷாக்?

கடைக்காரர்:
மண்ணில் ஒரு எர்த் ராடு, அதாவது எர்த் கம்பி, அடித்திருந்தால் வந்திருக்காது தம்பி. என் கடையில் அடித்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை.

வயர்மேன்:
அண்ணே, ராடு மட்டும் காப்பாற்றாது. உங்களுக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். சின்ன ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பி வரும் கம்பி, எர்த்தோடு சேர்ந்திருக்காது. ஒரு லீக்கேஜ் இருந்தாலும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, அதனால்தான் டெஸ்டர் எரியவில்லை. தம்பி, அந்த வயரில் டேப் சுற்றின ஜாயின்ட் இருந்திருக்கும். மச்சான் தள்ளினதில் அது சேற்றில் விழுந்திருக்கும். ஒரு கம்பி சேற்றில், இன்னொன்று மோட்டார் பாடியில், நடுவில் நீங்கள். நியூட்ரலையும் ஜெனரேட்டர் பாடியையும் ஒரே இடத்தில் சேர்த்து, மூன்று கோர் வயரில் எர்த்தை மோட்டார் வரைக்கும் கொண்டுபோய், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) போட்டால்தான் ட்ரிப் ஆகும். நியூட்ரல் சேராவிட்டால் அந்த ஆர்சிசிபியும் சும்மா உட்கார்ந்திருக்கும். அப்புறம், ஈரக்காலோடு தொடாதீர்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

டெல்டாக்காரன்:
ஜாயின்ட் இருந்தது அண்ணே. டேப்கூட இல்லை, பாலிதீன் கவர்.

வேளச்சேரி:
நான் ஷாக் வாங்கவில்லை, கொடுக்கப் பார்த்தேன். 2016 வர்தா புயல். இரண்டு முனையிலும் ப்ளக் மாட்டின வயரால் ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகிவிட்டேன். மெயினை அணைக்கவில்லை. சத்தம் கேட்டு லைன்மேன் உள்ளே வந்தார். வயதானவர். "டிரான்ஸ்பார்மர் திருப்பி ஏத்தும் சார், 230 வோல்ட் போனா அந்தப் பக்கம் 11,000. கம்பத்து மேலே என் பையன் வயசுல ஒருத்தன் நிக்கிறான்" என்றார். சேஞ்ச் ஓவர் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் ஸ்விட்ச்) போடச் சொல்லித் திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஜெனரேட்டரை அணைத்து, அந்த வயரைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.